வாரத்தில் ஒரு மாலையை எங்கள் வீட்டுக்கு விட்டுத்தாருங்கள்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

ஸ்தோத்திரம்.

அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டியை நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் நேரம் இது. கன்வென்ஷனுக்கு யாரை அழைப்பது, உபவாச ஜெபம் மாதத்தில் எந்த வெள்ளி, பாடகர் குழுப் பயிற்சி சனிக்கிழமையா ஞாயிறு ஆராதனை முடிந்தா என்றெல்லாம் பேசி முடிவெடுப்பீர்கள். அந்தத் தாள் அச்சுக்குப் போவதற்குள் ஒரு விண்ணப்பம் வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வார நாட்களில் ஒரு மாலையை வெறுமையாக விடுங்கள். கூட்டம் வேண்டாம், ஸூம் இணைப்பு வேண்டாம், வாட்ஸ்அப்பில் நினைவூட்டலும் வேண்டாம். அந்த மாலையில் அவரவர் வீட்டில் அவரவர் வேதாகமத்தைத் திறந்து படிக்கட்டும். எப்படிப் படிப்பது என்று மட்டும் எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், டோர்செட் சாலை ஆங்கிலிக்கன் ஆலயம், 1888இல் ஓஃபிர் சாலையில் எழும்பிய லூர்து அன்னை ஆலயம் என்று தொடங்கி, தொழிற்பேட்டைக் கட்டடத்தில் வாடகை அறை எடுத்து ஞாயிறு மாலை கூடும் சின்னச் சபைகள் வரை இந்த ஊரில் தமிழில் ஆராதிக்கும் இடங்கள் நிறைய. எந்த ஒரு சபையையும் மனதில் வைத்துக் குறை சொல்ல வரவில்லை. பல சபைகளில் நண்பர்களும் உறவுக்காரர்களும் இருப்பதால், எல்லா வீட்டுக் கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தெரியும்.

அந்தக் கதை இதுதான். செவ்வாய் வீட்டு ஜெபக் குழு. புதன் வேத ஆராய்ச்சி. வெள்ளி ஜெபக் கூட்டம். சனி பாட்டுப் பயிற்சியோ வாலிபர் கூட்டமோ. மிச்சமிருக்கும் திங்களையும் வியாழனையும் பிள்ளைகளின் டியூஷனும் பள்ளியின் இணைப்பாட நடவடிக்கையான சிசிஏவும் எடுத்துக்கொள்கின்றன. இத்தனைக்கும் நடுவில், "குடும்ப ஜெபம் ஒழுங்காக நடக்கிறதா?" என்று பிரசங்கத்தில் கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எப்போது நடத்துவது என்றும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி நிமிரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடுகிறது.

சரி, நேரம் கிடைத்தாலும் எப்படிப் படிக்கிறோம்? பெரும்பாலான சபைகளில் ஜனவரி முதல் ஞாயிறு ஒரு அட்டவணை கையில் கிடைக்கும். 66 புத்தகம், 1189 அதிகாரம், ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும். அதாவது நாளுக்கு 3 அதிகாரத்துக்கும் மேல். ஆதியாகமம் ஜோராகப் போகும், யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும்போது வேகம் குறையும், லேவியராகமத்தில் அட்டவணை வேதாகமத்துக்குள்ளேயே அடையாளத் தாளாகத் தங்கிவிடும். முடித்தவர்களுக்கு டிசம்பரில் மேடைக்கு அழைத்துப் பரிசு. முடிக்காதவர்கள் கைதட்டிவிட்டு, தங்களுக்கு ஆவிக்குரிய வளர்ச்சி போதாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு சபையில் முடித்தவர்கள், முடிக்காதவர்கள் என்று பெயர்ப் பட்டியலையே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

இப்படி அட்டவணை போட்டுப் படிக்கும் வழக்கத்துக்குப் பெயர்பெற்றவர் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் போதகராக இருந்த ராபர்ட் மறே மக்சேய்ன். 1842இல் தன் சபைக்காக எழுதினார். நாளுக்கு நான்கு பகுதிகள். ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. அடுத்த மார்ச்சில், 29 வயதிலேயே அவர் இறந்துபோனார். அட்டவணை மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டது. ஆனால் அதற்கு அவர் எழுதிய முன்னுரை அதே அளவுக்குப் பரவவில்லை. இந்தத் திட்டத்தால் வரக்கூடிய நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே ஆபத்துகளைச் சொல்லிவிடுகிறார்: படிப்பது வெறும் சடங்காகிவிடலாம், பங்கை முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் கண்ணை ஓட்டலாம், சிலருக்கு இது சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். நாம் அட்டவணையை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டோம். இன்னொன்று, அவருடைய நான்கு பகுதிகளில் இரண்டு குடும்பமாகப் படிக்க, இரண்டு தனியாகப் படிக்க. முழுக்க முழுக்க வீட்டுக்காகவே போட்ட திட்டம் அது.

அட்டவணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அது பெரிய உதவி. இரவு வேலை பார்க்கும் பாதுகாவலர் ஒருவரைத் தெரியும். பிற்பகல் தூங்கி எழுந்ததும் மூன்று அதிகாரம் படிக்காமல் காப்பி குடிக்க மாட்டார். அவருக்கு அது பிடித்திருக்கிறது. பிடிக்காதவரையும் அதே அட்டவணைக்குள் தள்ளுவதுதான் பிரச்சினை.

அப்புறம் வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று, ஒரு வசனம் அச்சிட்ட அட்டையை ஆளுக்கு ஒன்று எடுக்கிறோமே, அது. எனக்கும் பிடித்த வழக்கம்தான். எடுத்த அட்டை பர்ஸிலோ குளிர்பதனப் பெட்டியின் கதவிலோ ஆண்டு முழுக்க இருக்கும். அதில் அடிக்கடி வரும் வசனம் எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளைக்கும் இதே வசனம், வேலை போனவருக்கும் இதே வசனம், வீட்டுக்குச் சாவி வாங்கும் புதுமணத் தம்பதிக்கும் இதேதான்.

எங்கள் வீட்டில் ஒரு நாள் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தோம். நான் தமிழில் ஒரு வசனம், உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் ஆங்கிலத்தில் அடுத்த வசனம், அம்மா கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அது ஒரு கடிதம் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. எருசலேமில் இருக்கும் எரேமியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களில் மூப்பர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் ஜனங்களுக்கும் ஆள்மூலம் கொடுத்தனுப்பிய கடிதம். சீக்கிரமே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று அங்கே சில தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எரேமியா அதற்கு நேர் மாறாக எழுதுகிறார். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று வருகிறது. மகள் நிறுத்திவிட்டாள்.

"செவன்டி இயர்ஸா? அப்போ இந்த லெட்டரைக் கேட்டவங்கள்ல பாதிப் பேர் திரும்பிப் போகவே இல்லையா?"

ஆமாம், போகவில்லை. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வாக்கை முதலில் கேட்டவர்களில் பலர் அது நிறைவேறுவதைப் பார்க்காமலே பாபிலோனில் கண்ணை மூடியிருப்பார்கள். அந்த வசனத்தை எத்தனையோ முறை ஜெபத்தில் சொன்ன எங்களுக்கு அது லேசான அதிர்ச்சிதான். ஆனால் அன்றைக்கு மேசையில் இருந்த உற்சாகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அம்மா தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். தஞ்சாவூரிலிருந்து கப்பலில் வந்து, இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து, கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டவர். ஊரில் வாங்கிப் போட்ட நிலத்தில் கட்ட வேண்டிய வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம், இங்கே குடியிருந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட மனசில்லாமல். ஏழாம் வசனத்துக்குத் திரும்பிப் போனோம். "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." அன்று இரவு ஜெபத்தில் முதல்முறையாக எங்கள் புளோக்குக்காக ஜெபித்தோம். மின்தூக்கியில் பார்த்தும் பேசாமல் நிற்கும் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவையும் பெயர் தெரியாமலே சேர்த்துக்கொண்டோம். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மகள் சொன்னாள், அடுத்த வாரமே கேட்டும் விட்டாள்.

ஆவிக்குரிய வளர்ச்சி என்று நீங்கள் சொல்வது இதுதானே? பதினோராம் வசனத்தோடு நின்றிருந்தால் எங்கள் தேவைகளுக்கு ஒரு ஆறுதல் கிடைத்திருக்கும். பதினான்கு வசனம் படித்ததால் ஆறுதலும் கிடைத்தது, இந்த ஊரில் நாங்கள் எதற்காக இருக்கிறோம் என்ற கேள்வியும் கிடைத்தது. பிரசங்கத்தில் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்போம். நாங்களே கண்டுபிடித்தது என்பதால் விடவே மனம் வரவில்லை. 119ஆம் சங்கீதத்தில் இந்த மகிழ்ச்சிக்கு ஒரு வசனம் இருக்கிறது: "மிகுந்த கொள்ளையுடைமையைக் கண்டுபிடிக்கிறவன் மகிழுகிறதுபோல, நான் உமது வார்த்தையின்பேரில் மகிழுகிறேன்."

தினமும் இப்படி நடக்கும் என்று சொன்னால் பொய். பல நாட்கள் வறட்சிதான். மகன் மேசையிலேயே தூங்கிவிடுவான், நடுவில் யாராவது கைப்பேசியில் அழைப்பார்கள், நாளாகமத்தின் பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கே கொட்டாவி வரும். பரவாயில்லை. சந்தோஷமான பகுதிகள் மட்டும்தான் சந்தோஷம் தரும் என்பதும் இல்லை. 88ஆம் சங்கீதத்தை எந்த வாக்குத்தத்த அட்டையிலும் போட மாட்டீர்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களைப்போல் கடைசியில் துதியில் போய் முடியாது. நண்பர்களும் தோழர்களும் விலகிப்போனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடும். கணவரை இழந்த ஒரு அக்கா, ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு தனக்குத் துணையாக இருந்தது அந்தச் சங்கீதம்தான் என்று சொன்னார். "நான் அழுதா அவிசுவாசம்னு சொல்லாத ஒரே இடம்" என்றார். சபையில் நாங்கள் பாடும் பாட்டுகளில் அதற்கு இடமில்லை. வீட்டில் தனியாகப் படிக்கும்போது இருக்கிறது.

உங்கள் தரப்புக் கவலையும் புரிகிறது. ஆளாளுக்கு வீட்டில் படித்தால் ஆளுக்கொரு வியாக்கியானம் கிளம்பும், துர்உபதேசம் நுழைந்துவிடும் என்பீர்கள். இன்று யூடியூபில் தமிழில் கிடைப்பதையெல்லாம் பார்த்தால் அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் தானாகப் படித்துப் பழகாதவர்தானே அதில் முதலில் மாட்டிக்கொள்கிறார்? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே அப்படியே விழுங்கவில்லை. "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்த" அவர்களை அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம் நற்குணசாலிகள் என்கிறது. தன் பிரசங்கத்தைச் சரிபார்த்தார்கள் என்று பவுல் கோபித்துக்கொண்டதாக எங்கும் இல்லை. அதே புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைப் படித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிவந்து, படிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவராகவே படிக்கிறார், கேள்வி எழுகிறது, அதற்குப் பிறகுதான் போதகர் ரதத்தில் ஏறுகிறார். நம்முடைய கூட்டங்களில் கேள்வி எழுவதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது.

நெகேமியா எட்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் எஸ்றா காலையிலிருந்து நடுப்பகல்வரைக்கும் வாசிக்கிறார், லேவியர் அர்த்தஞ்சொல்லி விளங்கப்பண்ணுகிறார்கள், ஜனங்கள் அழுகிறார்கள். "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்ற வசனம் அங்கேதான் வருகிறது. அதுவும் அட்டையில் வரும் வசனமே. அதற்கு இரண்டு வசனம் தள்ளி, "தங்களுக்கு அறிவிக்கப்பட்ட வார்த்தைகளை உணர்ந்துகொண்டபடியால்" சந்தோஷம் கொண்டாடப் போனார்கள் என்று இருக்கிறது. புரிந்ததால் வந்த சந்தோஷம். கூட்டத்தை இன்னும் மூன்று மணி நேரம் நீட்டாமல், சாப்பிடவும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பவும் வீட்டுக்கு அனுப்பிவைத்ததும் எஸ்றாவும் நெகேமியாவும்தான்.

வீட்டில் படிப்பது தமிழருக்குச் சும்மா கிடைத்த உரிமையும் அல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், மணலில் விரலால் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719இல் இறந்தார். மிச்சத்தைப் பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள். அத்தனை பாடும், சாதாரணத் தமிழர் ஒருவர் தன் திண்ணையில் உட்கார்ந்து தானே படித்துக்கொள்ளத்தான்.

நம் பிள்ளைகளுக்கு வேதாகமத்தின் பழைய தமிழ் நடை கடினமாக இருக்கிறது என்பது உண்மை. அதற்காக வீட்டு வாசிப்பையே விட்டுவிடவோ, எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் பாட்டியை ஓரம்கட்டவோ வேண்டாம். 1995இல் வந்த திருவிவிலியம் போல எளிய நடையிலும் தமிழ் வேதாகமம் இருக்கிறது. இல்லையென்றால் எங்கள் வீட்டைப்போல் ஆளுக்கொரு மொழியில் மாற்றி மாற்றிப் படிக்கலாம். முதல் வாரம் குழப்பமாக இருக்கும், பிறகு பழகிவிடும். நான் ஞாயிறு பள்ளி எடுக்கும் பிள்ளைகளில், வீட்டில் யாராவது சத்தமாகப் படித்துக் கேட்டிருக்கும் பிள்ளை யார் என்று ஒரு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும். கதையின் நடுவிலேயே அவர்களிடமிருந்து "ஏன்?" வரும்.

வேலை அனுமதிச் சீட்டில் இங்கே வந்திருக்கும் தம்பிகளை மறந்துவிடாதீர்கள். தங்கும் விடுதியில் ஒரே அறையில் பலர். தனிமை என்றால் இரண்டடுக்குக் கட்டிலில் கட்டியிருக்கும் துணித் திரை மட்டும்தான். அவர்களுக்கு வீட்டில் வேதவாசிப்பு என்று பேசுவது கேலிபோலத் தெரியலாம். ஆனால் துவாஸில் வேலை செய்யும் ஒரு தம்பி செய்வதைக் கேளுங்கள். இங்கே இரவு ஒன்பதரை என்றால் ஊரில் ஏழு. மனைவி காணொளியில் அழைத்து, மகனை மடியில் வைத்துக்கொண்டு மாற்குவிலிருந்து பத்துப் பதினைந்து வசனம் படிப்பார். இவர் காதில் இயர்போனோடு திரைக்குள் படுத்துக் கேட்பார். முடிந்ததும் இவர் ஜெபம் செய்வார், பக்கத்துக் கட்டிலில் தூங்குபவர் விழித்துவிடாதபடி மெதுவான குரலில். அவருடைய வீடு அந்த இருபது நிமிடத்தில் கூடுகிறது. அவர் போகும் சபையின் ஸூம் ஜெபக் கூட்டமும் அதே ஒன்பதரைக்குத்தான். வராத நாளில், "தம்பியை ஏன் காணோம்?" என்று குழுவில் செய்தி வருகிறதாம். அக்கறையில் கேட்பதுதான். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்யூட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கக் காலத்தில் ஆலயக் கதவுகள் மூடியிருந்ததை நினைத்துப் பாருங்கள். ஆராதனை திரையில் வந்தது. ஆனால் திரை அணைந்த பிறகு வீடுகளில் ஏதோ நடந்தது. வாய் திறந்து ஜெபித்தே பழக்கமில்லாத அப்பாக்கள் ஜெபித்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், போக வேண்டிய கூட்டம் ஒன்றும் இல்லை. அந்தக் கொடுமையான காலம் திரும்ப வர வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டோம். கதவு திறந்ததும் கூட்டங்கள் எல்லாம் பழையபடி திரும்பி வந்தன, ஆன்லைன் கூட்டங்களும் கூடவே தங்கிவிட்டன, அந்த வீட்டு ஜெபத்துக்கு மட்டும் இடம் போய்விட்டது.

ஆகவே கேட்கிறேன். புதனோ வியாழனோ, எந்தக் கிழமை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வேத ஆராய்ச்சியை நிறுத்த மனமில்லையென்றால் மாதத்தில் இரண்டு முறையாக்கி, மற்ற இரண்டு வாரம் அதே பகுதியை வீட்டில் படிக்கச் சொல்லுங்கள். பெரிய புத்தகத்தில் தொடங்க வேண்டாம். ரூத் நான்கு அதிகாரம், பிலிப்பியர் நான்கு அதிகாரம், மாற்கு பதினாறு. மாதம் ஒன்று போதும். எழுதியது யார், யாருக்கு எழுதினார், முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை ஒரு ஞாயிறு மதியம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். கத்தோலிக்க நண்பர்களுக்குத் திருப்பலி வாசகம் ஏற்கெனவே குறித்திருக்கிறது. முந்தின இரவே வீட்டில் படித்துவிட்டு வரச் சொன்னால் போதும். ஆராதனை முடிந்து காப்பி ஊற்றும் நேரத்தில் போதகர் ஒருவர் ஒரு மேசையில் உட்காரட்டும், வீட்டில் படித்ததில் புரியாததைக் கேட்க வருபவர்களுக்காக. முதல் மாதம் யாரும் வராமல் போகலாம். மேசையை எடுத்துவிடாதீர்கள். பெயர்ப் பட்டியல் ஒட்டும் பழக்கம் எங்காவது இருந்தால் அதை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.

வாக்குத்தத்த அட்டைகளை நவம்பரிலேயே அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். வசனத்தை மாற்றச் சொல்லவில்லை. பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? "இந்த அதிகாரம் முழுவதையும் இந்த வாரம் வீட்டில் படியுங்கள். கேள்வி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள்" என்று இரண்டு வரி சேர்க்க அச்சகத்தில் கூடுதலாக எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள். எங்கள் சபைக்கான செலவை எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஈசூனிலிருந்து ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியர்